மூடிய சுரங்கமும் முப்பத்தாறு படமும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் பண்ணினார். "அண்ணாச்சி, நீங்களும் உங்க கூட்டாளிகளும் பாழடைஞ்ச சுரங்கத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டுத் திரியுறீங்களாமே, நிலக்கரிச் சுரங்கமாமே, அதைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார். பேசலாம், ஆனால் அது நிலக்கரி இல்லை, தங்கம் என்றேன். "அப்ப இன்னும் நல்லது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஏதாவது கொண்டு வருவேன் என்று நினைத்தாரோ என்னவோ, வெறும் படங்களோடுதான் வந்திருக்கிறேன்.

நிலக்கரி நமக்குப் புதிதல்ல. 1979-ல் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதிலிருந்து, கப்பலில் வந்து இறங்கும் கரியை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் கரியை வெட்டிய ஊர் நம் மாநிலத்தில் இல்லை. நமக்கு நெய்வேலி உண்டு. அது பழுப்பு நிலக்கரி, மேலே மண்ணை நீக்கிவிட்டுத் திறந்த வெளியில் வெட்டுவது. ஆள் கூண்டில் ஏறி, கயிற்றில் தொங்கி, பூமிக்குள்ளே போய் வேலை செய்து, அதுவும் நம் தமிழ் சனங்கள் நாலு தலைமுறையாகச் செய்து, பிறகு ஒரு நாள் இழுத்து மூடிய இடம் என்று தேடினால் கண்ணுக்கு முன்னால் வருவது கோலார் தங்கவயல்தான். எங்கள் கோஷ்டி அங்கே போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான் புதியம்புத்தூர். மற்றவர்கள் ஒட்டப்பிடாரம், கயத்தாறு, எட்டயபுரம், பசுவந்தனை. பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளை, அதனால் ஊர்ப் பெயராலேயே சொல்கிறேன். ஹாஸ்டலில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். பி.எஸ்சி. படிக்கும்போது எட்டயபுரத்தான் ஒரு பழைய காமிரா வைத்திருந்தான். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ஐந்து பேரும் காசு போட்டு ரோல் வாங்குவோம், ஆளுக்கு ஏழு படம், மிச்சம் ஒன்று காமிராக்காரனுக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் எங்களிடம் இருக்கிறது. செல்போனில் ஆயிரம் எடுக்கலாம் என்றாலும், ஒரு பயணத்துக்கு முப்பத்தாறு படம் மட்டும்தான் தேர்ந்தெடுத்து அச்சுப் போடுவது. மற்றதை அழித்துவிடுவோம். பசுவந்தனைக்காரர் மட்டும் அழிக்காமல் ஒளித்து வைத்திருக்கிறார் என்று எங்களுக்குச் சந்தேகம்.

பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் ரயிலில் ஏற வேண்டும். காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வரும் வண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் எதிர்த்திசையில் போனதால் காலியான பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு போனோம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் கிளம்பி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீடு திரும்புகிறார்கள். தங்கவயலில் நாங்கள் எடுத்த முதல் படமே அந்த ரயில்தான். சுரங்கம் அப்புறம்தான்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், வணிகவியல் மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தார். ஊர் மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதன்பின் பலர் தோண்டிப் பார்த்துக் கை சுட்டுக்கொண்டார்கள். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் அது பெருந்தொழில் ஆனது. மைசூர், சாம்பியன் ரீப், ஊர்காம், நந்திதுர்க்கம் என்று நாலு பெரிய சுரங்கங்கள். 1902-ல் காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூருத் தெருவிளக்கு எரிந்தது 1905-ல். ஆக ராஜதானிக்கு முன்னால் சுரங்கத்துக்குக் கரண்ட்! நம்ம பக்கம் கிணற்றுக்கு மோட்டார் எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் போகப் போக 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. கிபோர்டு ஷாப்ட் என்று ஒன்று, நேர்க்குத்தாகவே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். கரிசல்காட்டில் நாம் நூறடிக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை கிறுகிறுக்கும். அதைப் போல அறுபது எழுபது கிணற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியிருக்கும், அவ்வளவு. அடியில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்காற்றை இறக்கினால்தான் ஆள் நிற்க முடியும்.

ஷாப்ட் வாய்க்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தை முதலில் பார்த்ததும் ஒட்டப்பிடாரத்தான் சொன்னான், "ஏல, இது நம்ம கமலைதாம்ல!" என்று. வெடித்துச் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். மேலே ஓர் உருளை, அதன் மேல் ஒரு வடம், வடத்தின் ஒரு நுனியில் கூனை, மறு நுனியில் மாடு. இங்கே கூனைக்குப் பதிலாக ஆள் ஏறும் கூண்டு, மாட்டுக்குப் பதிலாக இயந்திரம், வடத்துக்குப் பதிலாக இரும்புக் கயிறு. மாட்டை ஓட்டுபவர் முன்னும் பின்னும் கணக்காக நடப்பது போல, அங்கே இயந்திர அறையில் இருப்பவர் மணிச்சத்தக் கணக்கைக் கேட்டுத்தான் கூண்டை இறக்குவார், ஏற்றுவார். அவர் கண்ணுக்குக் கூண்டு தெரியாது. அறுபது எழுபது பேர் உயிர் அவர் காதில் இருந்தது என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். கமலை பார்த்திராத இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் புரியாது. அதற்கு நான் என்ன செய்ய!

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சனங்கள். பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள். உச்ச காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பங்களா, கிளப், கோல்ப் மைதானம். தொழிலாளிக்கு லைன் வீடு. அந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதுவார்கள். லைன் வீட்டில் குடியிருந்தவர் யாரும் அந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்.

1930-ல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டு என்று நினைப்பீர்கள். தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. "நாங்க என்ன குற்றவாளியா?" என்று கேட்டு இருபத்தொரு நாள் வேலைக்குப் போகவில்லை. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், காமிராவைத் தூக்கிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது. அந்த ஊர்ச் சனம் தன்னைப் பதிவு செய்ய வருகிறவனை மூன்று தலைமுறையாகப் பார்த்தது. கேட்காமல் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினால் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொண்டார்கள்.

சுரங்கத்தில் இரண்டு சாவு உண்டு. ஒன்று சட்டென்று வருவது. அவ்வளவு ஆழத்தில் பாறைக்கு மேலிருந்து அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வெட்டி எடுத்ததும் மிச்சம் நிற்கும் பாறை தாங்க மாட்டாமல் வெடி வைத்தது போல வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீட்டுப் பாத்திரம் ஆடும். உடனே பெண்டுகள் எல்லாம் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். மற்றது மெல்ல வருவது. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ். 1940-களில் நடந்த பரிசோதனையில் அங்கே பத்தில் நாலு பேருக்கு மேல் இது இருந்தது தெரியவந்தது. நாங்கள் பார்த்த ஒரு பெரியவர் நாலு வார்த்தை பேசுவார், நிறுத்தி மூச்சு வாங்குவார், பிறகு நாலு வார்த்தை. அவரைப் படம் எடுக்கட்டுமா என்று கயத்தாற்றுக்காரர் கேட்டார். "எடுங்க சார். ஆனா இருமும்போது எடுக்காதீங்க" என்றார். அந்தப் படம் முப்பத்தாறில் ஒன்று. அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயரானது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள். ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது, பாறையில் தங்கம் குறைந்தது. பம்புகளை நிறுத்தினார்கள். தண்ணீர் ஏறியது. அந்த மூன்று கிலோமீட்டரும் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1965-ல் அதே சுரங்கத்தில் பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகளை உலகத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் உண்டு. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சேர்ந்து செய்த வேலை. மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும், அதனால்தான் அவ்வளவு ஆழம். சுரங்கத்தை மூடியதில் அந்தச் சோதனைக்கூடமும் போயிற்று. பிறகுதான் தேனி மாவட்டத்தில் பொட்டிபுரம் மலை என்று பேச்சு வந்தது, எதிர்ப்பும் வந்தது. அது தனிக்கதை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

பாழடைந்த இடத்தைப் படம் எடுப்பது மிக எளிது. காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த சக்கரம், உடைந்த சன்னல் வழியாக விழும் வெயில். எந்தக் கையும் எடுக்கலாம், நன்றாகவே வரும். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி 1959-லிருந்து பல வருஷம் நிலக்கரிச் சுரங்கக் கோபுரங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். ஒரே கோணம், மேகமூட்டமான வெளிச்சம், ஆள் கிடையாது. ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பயிரினத்தின் பல வகைகளைப் பார்ப்பது போலிருக்கும். அவர்கள் எடுத்த பல கோபுரங்கள் பிறகு இடிக்கப்பட்டுவிட்டன, படம்தான் மிச்சம். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தங்கவயலில் ஆளில்லாமல் எடுத்தால் பொய்யாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு வீதியில் காமிராவோடு போகும்போது ஒரு பாட்டி நிறுத்தி, "எந்த ஊரு தம்பி? நீங்களும் பேய் ஊருன்னு எழுதுறவங்களா?" என்று கேட்டது. வெளியூரிலிருந்து வந்து படம் எடுத்துப் போனவர்கள் யாரோ அப்படிப் போட்டிருக்கிறார்கள். "நாங்க பேயா? சமைக்கிறோம், சாப்பிடுறோம், புள்ளைங்களைப் படிக்க வைக்கிறோம்" என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த நகரத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். ஒன்றரை லட்சம் பேர் குடியிருக்கும் ஊரைப் பேய் ஊர் என்று சொல்ல வேண்டுமானால், படத்தில் அத்தனை பேரையும் சட்டத்துக்கு வெளியே தள்ளினால்தான் முடியும்.

ஜப்பானில் ஹஷிமா என்று ஒரு தீவு. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிய இடம், 1974-ல் மூடினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் படம் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம் மாதிரி. கான்கிரீட் அடுக்குமாடிகள் அப்படியே இற்று நிற்கின்றன. 2009-லிருந்து பயணிகளை விடுகிறார்கள், அதுவும் போட்ட பாதையில் மட்டும் நடக்க வேண்டும். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும்போது கொரியர்கள், உலகப் போர்க் காலத்தில் எங்கள் ஆட்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோய் அங்கே வேலை வாங்கினீர்களே, அதைச் சொல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். சிதைந்த கட்டடத்தின் அழகான படத்தில் அந்தக் கேள்வி விழாது. யார் வெட்டினார்கள் என்று கீழே எழுதித்தான் ஆக வேண்டும்.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அச்சுப் போடும் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் தேதி, இடம், எந்தச் சுரங்கம், விவரம் சொன்னவர் யார் என்று எழுதுவது. ஆளின் படமாக இருந்தால் ஒரு பிரதி அவருக்கு. தபாலில் அனுப்பலாம்தான், ஆனால் அடுத்த முறை போகும்போது கையில் கொடுப்பதே வழக்கம். இரண்டாம் முறை போனபோது பாட்டிக்குப் படம் கொண்டுபோனோம். வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "கிழவியாட்டம் எடுத்திருக்கீங்க" என்று திட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தது. அன்றைக்குச் சாப்பாடும் அங்கேதான்.

இப்போது மாணவர்களுக்கு முக்கியமான பகுதி. செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு உண்மையான காரணமும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. நம் மாணவர்கள் சிலர் கைவிட்ட கல்குவாரிக்குள் இறங்கி வீடியோ எடுத்தார்களாம். இங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

தம்பிகளா, நாங்கள் மூன்று முறை தங்கவயல் போனோம். ஒரு முறைகூடச் சுரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. ஒரு மேட்டுக்குப் பின்னால் வேலி பிய்ந்து கிடந்தது, உள்ளே சாய்வாக இறங்கும் பழைய வழி ஒன்று திறந்து கிடந்தது. பத்தடிக்கு வெளிச்சம், அப்புறம் இருட்டு. பசுவந்தனைக்காரருக்கு ஆசை. டார்ச்சை எடுத்துவிட்டார். "அஞ்சு நிமிசம், ஒரே படம்" என்றார். ஒட்டப்பிடாரத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, தூர்ந்த கிணத்துல விளக்கை இறக்காம எறங்குவீகளா?" என்று மட்டும் கேட்டான். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

நம் ஊரில் கிணறு தூர் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் நேரே இறங்க மாட்டார்கள். முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. பிறகு வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலக்கிவிடுவார்கள். படிக்காத சனம் கண்டுபிடித்து வைத்த பாதுகாப்பு விதி இது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. பிராணவாயு குறைந்த காற்றை நாலு மூச்சு இழுத்தால் முட்டு மடங்கும், கத்தக்கூட முடியாது. காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் அப்படியே விழுவார். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் பின் ஒருவராகச் சாகும் செய்தியை நாம் பேப்பரில் படிப்பது இதனால்தான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் இதோடு மீத்தேனும் சேர்ந்துகொள்ளும். அங்கே விளக்கே எமன், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதற்காகத்தான் 1815-ல் ஹம்ப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்ட விளக்கைச் செய்தார். கனேரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுபோகும் வழக்கம் இங்கிலாந்தில் 1986 வரைகூட இருந்தது. குருவி மயங்கினால் ஆள் திரும்பி ஓட வேண்டும். வங்காளத்திலும் ஜார்க்கண்டிலும் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம் இன்னொரு வகையிலும் கொல்லும். ஜரியாவில் 1916-ல் பற்றிய தீ பூமிக்கடியில் இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. மேலே வீடு, கீழே நெருப்பு. தன்பாத் பக்கம் சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27-ல் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370 பேருக்கு மேல் மாண்டார்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்திலும் தண்ணீர் புகுந்தது. அங்கே ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு இரும்புக் குழாய் மாதிரி ஒன்று செய்யச் சொல்லி, துளை போட்டு, தானே அதில் இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் ஏறினார். 2018 டிசம்பரில் மேகாலயாவில் எலிவளைச் சுரங்கத்தில் 15 பேர் மாட்டிக்கொண்டபோது அப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை.

கல்குவாரிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைக்காதீர்கள். அங்கே தண்ணீர் நிற்கும். கண்மாய் மாதிரி கரை சரிந்து போகாது, ஓரடி வைத்தால் முழங்கால், அடுத்த அடி அறுபதடி. மழை முடிந்து பச்சையாகப் பளபளவென்று இருக்கும், படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். மேலேயிருந்து எடுங்கள். சுரங்கமோ குவாரியோ, அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படியும் தவறு. தங்கவயலில் எங்களை ஒரு காவலர் மறித்தார். எதற்கு வந்தோம் என்று சொன்னோம். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று அவரே காட்டிக் கொடுத்தார். பார்த்தால், அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்! முப்பத்தாறில் நாலு படம் அவர் காட்டிய இடத்திலிருந்து எடுத்தது.

அப்படி எடுத்ததில் ஒன்று சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு மண் அது. 1887-ல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்த முறை. சாம்பல் நிறத்தில் மலைமலையாக நிற்கிறது, மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். சினிமாக்காரர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது, பாட்டும் சண்டையும் எடுக்கிறார்கள். 2018-லும் 2022-லும் வந்த கன்னடப் படங்கள் ஊர்ப் பெயரையே உலகம் முழுக்கக் கொண்டுபோயின, 2024-ல் 'தங்கலான்' வந்தது. ஆனால் காற்றடி காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுவதைப் படத்தில் காட்ட முடியவில்லை. நாங்களும் முயன்றோம். கடைசியில் எட்டயபுரத்தான் ஒரு வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டை எடுத்தான். தட்டின் மேல் சாம்பல் படலம், அதில் ஒரு குழந்தையின் விரல் கோடு. என் கணக்கில் எங்கள் படங்களில் சிறந்தது அதுதான்.

அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். ஊரில் இரண்டு பேச்சும் உண்டு. "வேலை வரும், பிள்ளைகள் ரயிலில் அலைய வேண்டாம்" என்பது ஒன்று. "மேட்டைக் கிளறினால் தூசி யார் வீட்டுக்கு வரும்? நாம குடியிருக்கிற வீடு என்னாகும்?" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் வராமல் முதலாவதை நம்ப மனம் வரவில்லை.

நாங்கள் போனதற்கு இன்னொரு காரணம் என்றேனே. கயத்தாற்றுக்காரரின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர், மழை பொய்த்த ஒரு வருஷம் ஊரைவிட்டுப் போனார். நம் கரிசல் சனம் அப்படிப் போவது இலங்கைக்கு, பர்மாவுக்கு, பினாங்குக்கு. இவர் மட்டும் கோலாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாராம். இரண்டு வருஷம் பணம் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. வீட்டில் அவர் பெயரைச் சொல்லி வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா கூடாதா என்று இன்றுவரை சந்தேகம். படம் கிடையாது. ஒரு பெயரும், இடது புருவத்தில் தழும்பு என்ற ஒரு அடையாளமும்தான். மூன்று பயணத்திலும் பார்த்த முதியவர்களிடமெல்லாம் கேட்டார். கல்லறைத் தோட்டங்களில் நடந்தோம், துரைமார் பெயர் பளிங்கில் இருக்கிறது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மண்மேடுதான். மூன்றாம் பயணத்தில் ஒருவர் மட்டும், எங்கள் லைனில் ஒரு 'திருநெல்வேலியார்' இருந்தார், அவர் பேசினால் நாங்கள் சிரிப்போம், 'ஏல' 'ஏல' என்பார், என்று சொன்னார். புருவம் அவருக்கு நினைவில்லை. கயத்தாற்றுக்காரர் அந்த லைன் வீட்டு வாசலை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். வேறொரு குடும்பம் அங்கே இருக்கிறது, வாசலில் கோலம், ஒரு சைக்கிள். அந்தப் படத்தின் பின்னால் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறார் என்று எங்களுக்கும் காட்டவில்லை.

மாணவர்கள் கேட்கலாம், கோலார் வரைக்கும் போக எங்களிடம் காசு ஏது என்று. நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஓடாத தீப்பெட்டி ஆபீஸ்கள் எத்தனை, குச்சி அடுக்கிய சட்டங்கள் மூலையில் கிடக்கின்றன. அந்தச் சட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை அடுக்கினார்கள், என்ன கூலி என்று சொல்லக்கூடிய அம்மாமார்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். கமலைக் கல் நட்ட கிணறுகள் தூர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் புதியம்புத்தூரில் இன்றைக்கு வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது, ரெடிமேட் துணி மூட்டை மூட்டையாகப் போகிறது. அதை யாரும் படம் எடுக்கவில்லை, ஓடிக்கொண்டிருப்பதால். நின்ற பிறகு வந்து சுவரை எடுப்பார்கள். முந்திக்கொள்ளுங்கள். எடுக்கும்போது தாளில் எழுதியும் வையுங்கள், செல்போன் தொலைந்தால் படம் போச்சு.

நாங்கள் கொண்டுவந்த முப்பத்தாறு படங்களும் நூலகத்தின் மாடியில் நாளை மாலை வரை இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கலாம், ஒன்றைத் தவிர. நன்றியுரைக்கு முன் சாப்பாட்டு மணி அடித்துவிடும் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.